விமானி அறையின் வாசல்: அமெரிக்க விமானிகள் தேர்வில் பன்முகத்தன்மை விவாதம் வளர்ந்த வரலாறு

2021 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2030-க்குள் தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் 5,000 விமானிகளை உருவாக்கப்போவதாகவும், அவர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாகவோ வெள்ளையரல்லாதவர்களாகவோ இருப்பார்கள் என்றும் அது சொன்னது. எதிர்ப்பு உடனே கிளம்பியது. விமானத்தை ஓட்டுபவர் எந்த நிறம், எந்தப் பால் என்று பார்த்துப் பள்ளியில் சேர்த்தால் பயணியின் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். 2025-ல் அமெரிக்க அதிபரே இந்தக் கேள்வியை ஒரு விபத்தோடு இணைத்துப் பேசும் அளவுக்கு அது வளர்ந்தது.

பயணியின் பாதுகாப்பு பற்றிய கேள்வி எப்போதும் நியாயமானதே. ஆனால் இந்த விவாதம் 2021-ல் பிறந்ததாக நினைத்தால் அதன் பாதி நமக்குப் புரியாது. அமெரிக்க விமானி அறைக்குள் யாரை விடுவது என்ற வழக்குக்கு ஏறத்தாழ நூறாண்டு வயது. அந்த நூறாண்டில் பெரும்பகுதி, தகுதி உள்ளவர்களைத்தான் வாசலில் நிறுத்தி வைத்தார்கள். உரிமத்துக்கான தேர்வு இதில் தடையாக இருந்ததே இல்லை. அந்தத் தேர்வை எழுதும் இடம்வரை வந்து சேரும் வழியே தடையாக இருந்தது. இந்த வேறுபாட்டைச் சான்றுகளோடு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணிக்கணக்கு யாருக்குக் கிடைத்தது

விமானியின் தகுதியை அளக்கும் முதல் அளவை பறப்பு மணி. எத்தனை மணி நேரம் விமானத்தைத் தன் கையில் வைத்திருந்தார் என்ற கணக்கு அவருடைய பதிவேட்டில் வரிவரியாக ஏறும். மணிகளைச் சேர்க்க விமானம் வேண்டும். விமானம் கிடைக்கப் பணம் வேண்டும், அல்லது அரசு வேண்டும். விமானியாக விரும்பிய பெஸ்ஸி கோல்மனுக்கு அமெரிக்காவில் இரண்டு வழியும் அடைபட்டிருந்தது. கறுப்பினப் பெண் என்பதால் எந்த அமெரிக்கப் பயிற்சிப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு, கடல் கடந்து பிரான்சின் லெ க்ரொத்துவா ஊருக்குப் போய், 1921 ஜூன் மாதம் சர்வதேச உரிமத்தோடு வெளியே வந்தார்.

1934-இன் கடைசி நாளில் ஹெலன் ரிச்சி சென்ட்ரல் ஏர்லைன்ஸின் ஃபோர்டு ட்ரைமோட்டார் விமானத்தை வாஷிங்டனிலிருந்து டெட்ராய்ட்டுக்கு ஓட்டினார். பயணிகள் விமானத்தை ஓட்ட அமர்த்தப்பட்ட முதல் அமெரிக்கப் பெண் அவர். விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. வானிலை மோசமான நாட்களில் அவரைப் பறக்க விடக்கூடாது என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஓராண்டு முடிவதற்குள் அவர் விலகினார். அவர் பறப்பில் குறை கண்டதாக யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் உலகப் போர் கொஞ்சம் கதவைத் திறந்தது. அலபாமாவின் டஸ்கிகியில் 992 கறுப்பின விமானிகள் பயிற்சி முடித்தார்கள். மகளிர் விமானப்படைச் சேவையில் 1,074 பெண்கள் தேறி, தொழிற்சாலைகளிலிருந்து படைத்தளங்களுக்குப் போர் விமானங்களைக் கொண்டுசேர்த்தார்கள். அந்தச் சேவையில் பயிற்சியிலும் பணியிலுமாக 38 பெண்கள் உயிர்விட்டார்கள். 1944 டிசம்பரில் அந்தச் சேவை கலைக்கப்பட்டது. போர் முடிந்ததும் விமான நிறுவனங்கள் படையிலிருந்து திரும்பிய விமானிகளை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. அந்த வரிசையில் டஸ்கிகிக்காரர்களுக்கும் இந்தப் பெண்களுக்கும் இடமில்லை. அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் முதன்மை ஊற்றாக ராணுவமே இருந்தது. பெண்களுக்கு ராணுவ விமானிப் பயிற்சி மீண்டும் திறந்தது 1970-களில்தான். போர் விமானங்களை ஓட்ட அனுமதி 1993-ல் கிடைத்தது. மக்கள் வரிப்பணத்தில் இலவசமாக மணிகள் சேர்ந்த இடத்தில் பாதி மக்கள்தொகைக்கு நுழைவே இல்லாதபோது, பின்னால் வந்து 'பெண்கள் ஏன் விண்ணப்பிப்பதில்லை' என்று கேட்பதில் பொருளில்லை.

டென்வரில் இரண்டு விண்ணப்பங்கள்

இந்த வரலாற்றைப் புள்ளிவிவரத்தைவிட இரண்டு மனிதர்களின் விண்ணப்பங்கள் தெளிவாகச் சொல்கின்றன. இரண்டும் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரோடு தொடர்புடையவை.

முதலாமவர் மார்லன் கிரீன். ஆர்கன்சாவில் 1929-ல் பிறந்த கறுப்பினத்தவர். விமானப்படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றி, பல எஞ்சின் விமானங்களில் ஆயிரக்கணக்கான மணிகள் சேர்த்தவர். 1957-ல் படையை விட்டு வெளியேறி நிறுவனம் நிறுவனமாக எழுதிப்போட்டார். பதில் வரவில்லை. டென்வரில் தலைமையகம் வைத்திருந்த காண்டினென்டல் ஏர்லைன்ஸுக்கு விண்ணப்பித்தபோது 'இனம்' என்று கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டார், புகைப்படத்தையும் ஒட்டவில்லை. நிறுவனம் அவரைப் பறப்புத் தேர்வுக்கு அழைத்தது. அவரும் தேறினார். பிறகு நடந்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் உள்ளது: அவரைவிடக் குறைந்த மணிகள் வைத்திருந்த வெள்ளையர்கள் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார்கள், அவர் சேர்க்கப்படவில்லை.

கிரீன் கொலராடோவின் பாகுபாடு எதிர்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார். அவர் சேர்க்கப்படாததற்கு இனம் ஒன்றே காரணம் என்று ஆணையம் தீர்மானித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கே அது வைத்த வாதம் கவனிக்கத் தக்கது. பல மாநிலங்களுக்கிடையே பறக்கும் நிறுவனத்தை ஒரு மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தினால் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்குச் சுமை என்றது. கொலராடோ நீதிமன்றங்கள் அதை ஏற்றன. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வந்தது. பாகுபாடு காட்டச் சொல்லும் சட்டம் எந்த மாநிலத்திலும் இனி நிற்க முடியாது, ஆகவே மாநிலச் சட்டங்கள் ஒன்றோடொன்று மோதும் என்ற அச்சத்துக்கு இடமில்லை என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். 1963 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பு ஒருமனதாக கிரீனுக்குச் சாதகமாக வந்தது. 1965-ல் அவர் காண்டினென்டலில் சேர்ந்து 1978 வரை பறந்தார். விண்ணப்பத்துக்கும் சீருடைக்கும் இடையே எட்டு ஆண்டுகள். 2010-ல் அதே நிறுவனம் ஒரு போயிங் 737 விமானத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார்.

அந்த வெற்றுக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று 'இனம் பார்க்காமல் எடுங்கள்' என்று வாதிடுவோர் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான். கிரீன் தன்னால் முடிந்த அளவில் அதையே செய்து காட்டினார். கட்டம் வெறுமையாக இருந்தவரை அவர் தகுதியுள்ளவர். முகம் தெரிந்தபின் இல்லை. இனம் பார்க்காத தேர்வு என்ற கொள்கை உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கொள்கையை நடைமுறையாக்க ஒரு மனிதர் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை ஏற வேண்டியிருந்தது என்பதும் அதே அளவு உண்மை.

இரண்டாமவர் எமிலி ஹோவல் வார்னர். டென்வரின் கிளின்டன் ஏவியேஷன் பள்ளியில் பயிற்றுநர். 7,000 மணிக்கு மேல் பறந்தவர். அரசின் சார்பில் பிறருக்குப் பறப்புத் தேர்வு நடத்தித் தேர்ச்சி வழங்கும் அதிகாரமும் அவரிடம் இருந்தது. அவரிடம் கற்ற ஆண்கள் ஒவ்வொருவராக விமான நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் 1960-களின் பிற்பகுதியிலிருந்தே ஃபிரான்டியர் ஏர்லைன்ஸுக்கு விண்ணப்பித்து வந்தார். 1973 ஜனவரியில்தான் வேலை கிடைத்தது. 1976-ல் கேப்டன் ஆனார். கேப்டனின் நான்கு பட்டை கொண்ட சட்டையை மாணவனுக்கு வாங்கித் தரும் தகுதி இருந்தவருக்கு அதைத் தான் அணியும் தகுதி இல்லை என்று ஒரு தொழில் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது. ஹெலன் ரிச்சியை ஏற்க மறுத்த அதே விமானிகள் சங்கம் 1974-ல் வார்னரை உறுப்பினராக்கியது.

நீதிமன்றமும் நாற்காலியின் உயரமும்

1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் வேலைவாய்ப்பில் இனம், பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. 1973-ல் அமெரிக்க அரசுத் தரப்பு யுனைடெட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1976-ல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தீர்ப்பாணை ஒன்று பிறந்தது. விமானிகள் உட்பட பல பணிகளில் பெண்களையும் கறுப்பினத்தவரையும் கூடுதலாக எடுக்க அது இலக்கு வைத்தது. 2021 அறிவிப்பு விண்ணிலிருந்து விழுந்த புதுமை என்று எழுதியவர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. அதே நிறுவனத்துக்கு 45 ஆண்டுகள் முன்பே நீதிமன்ற மேற்பார்வையில் அத்தகைய இலக்கு இருந்தது.

இக்காலத்தின் மிகப் பயனுள்ள வழக்கு இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டது. ஓசார்க் ஏர்லைன்ஸ் விமானிக்கு 5 அடி 7 அங்குல உயரம் கட்டாயம் என்று வைத்திருந்தது. பெண்களில் பெரும்பாலோர் அந்த ஒரு விதியாலேயே வெளியே நின்றார்கள். நீதிமன்றம் விமானி அறையின் அமைப்பையே ஆராய்ந்தது. இருக்கையில் அமர்ந்தவரின் கண் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் இருந்தால்தான் முன் கண்ணாடி வழியே ஓடுபாதையும், கீழே கருவிகளும் ஒருசேரத் தெரியும். கால் மிதிகளை முழுவதும் அழுத்தவும் எட்ட வேண்டும். ஆகவே உயர வரம்பு அறவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 5 அடி 7 அங்குலம் தேவையில்லை, 5 அடி 5 அங்குலம் போதும் என்றது. பாதுகாப்புக்கு உண்மையில் எது வேண்டும், பழக்கத்தால் எது ஒட்டிக்கொண்டது என்று அங்குலக் கணக்கில் பிரித்துக் காட்டிய தீர்ப்பு இது. இன்றைய விவாதத்தில் இரு தரப்புக்கும் இல்லாமல் போனது இந்தப் பொறுமைதான்.

2009க்குப் பின்: பணம் என்ற தடை

2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது கேப்டன் முன்னே தள்ள வேண்டிய கட்டுப்பாட்டைப் பின்னே இழுத்தார். அவர் பழைய பறப்புத் தேர்வுகளில் தோற்றிருந்ததை நிறுவனம் முழுமையாக அறிந்திருக்கவில்லை. கேப்டனும் துணை விமானியும் களைப்போடு இருந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் அயராமல் போராடி 2010-ல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் விளைவாக 2013 முதல், பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே 1,500 மணி வேண்டும் என்றானது. அதற்கு முன் 250 மணியில் கிடைக்கும் வணிக உரிமமே போதுமாக இருந்தது. ராணுவ விமானிக்கு 750 மணி, நான்காண்டு விமானப் பட்டம் பெற்றவருக்கு 1,000 மணி என்று சலுகைகள் உண்டு.

அந்தக் குடும்பங்களின் போராட்டத்தை நான் மதிக்கிறேன். களைப்பு, பதிவுகள், பயிற்சி பற்றி அவர்கள் பெற்றுத்தந்த மாற்றங்கள் உயிர் காப்பவை. ஆனால் 1,500 மணி என்ற எண்ணுக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பு மெலிது. கோல்கன் விமானத்தின் இரு விமானிகளுமே 2,000 மணியைத் தாண்டியவர்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 200 மணிக்குச் சற்று மேல் பறந்தவர், விமான வகைக்கான தனிப் பயிற்சி பெற்று, ஏர்பஸ் 320-இன் வலப்பக்க இருக்கையில் அமர்கிறார்.

இந்த எண் ஒரு காரியத்தை உறுதியாகச் செய்தது: நுழைவின் விலையை உயர்த்தியது. உரிமம் வாங்கவே பல்லாயிரம் டாலர். அதன்பின் எஞ்சிய ஆயிரத்துச் சொச்சம் மணிகளைச் சேர்க்க, சிறு விமானத்தில் பயிற்றுநராக ஓரிரு ஆண்டுகள் குறைந்த ஊதியத்தில் ஓட வேண்டும். கடனுக்கு ஈடாக வைக்க வீடில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இது எட்டாத ஏணி. வேலைவாய்ப்பில் பாகுபாட்டைச் சட்டம் தடைசெய்து அரை நூற்றாண்டு ஆனபின்னும், 2020-இன் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி விமானிகள், பறப்புப் பொறியாளர்களில் பெண்கள் 5.6 சதவீதம், கறுப்பினத்தவர் 3.4 சதவீதம் மட்டுமே. பரம்பரையாகச் சேர்ந்த செல்வம் யாரிடம் இருந்தது என்பதை விட்டுவிட்டு இந்த எண்களை விளக்க முடியாது.

இலக்கின் வலிமையும் பிழையும்

இந்தப் பின்னணியில்தான் யுனைடெட்டின் பள்ளி அரிசோனாவின் குட்இயரில் தொடங்கியது. தொடக்கத்தில் கட்டணம் ஏறத்தாழ 71,000 டாலர். நிறுவனமும் ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கியும் சேர்ந்து உதவித்தொகை ஒதுக்கின. முதல் வகுப்பின் 30 மாணவர்களில் 80 சதவீதம் பெண்கள் அல்லது வெள்ளையரல்லாதவர்கள்.

நம்மூர் வாசகர் இதை உடனே இடஒதுக்கீடு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டும் சட்டத்தில் வேறு. இந்தியாவில் ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பின் அனுமதி உண்டு; ராய்பரேலி அருகே ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமியில் விமானிப் பயிற்சிக்கே ஒதுக்கீட்டு இடங்கள் உள்ளன. அமெரிக்காவில் வேலைக்கு நிலையான ஒதுக்கீடு செல்லாது. 1987-ல் ஜான்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிப்படையான ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில், பல காரணிகளில் ஒன்றாகப் பாலினத்தைக் கருதும் தற்காலிகத் திட்டத்தை அனுமதித்தது. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் அதே நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதைத் தடுத்தது. இரண்டாவது தீர்ப்பு வரும் முன், முதல் தீர்ப்பு விட்டுவைத்த குறுகிய நிலத்தில்தான் யுனைடெட் தன் 50 சதவீதத்தை நட்டது.

அந்த இலக்கை விமர்சிக்க இடமுண்டு. பெண்களையும் வெள்ளையரல்லாத அனைவரையும் ஒரே எண்ணில் கொட்டியதால், கலிபோர்னியாவில் வசதியாக வளர்ந்த இந்திய வம்சாவளி மருத்துவரின் மகன் அந்தக் கணக்கில் வருவான். மேற்கு வர்ஜீனியாவின் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளியின் மகன் வரமாட்டான். தடை பணம் என்றால் அளவும் பணமாக இருந்திருக்க வேண்டும். இந்தப் பிழைக்கு நிறுவனமே பொறுப்பு.

ஆனால் பாதுகாப்பு குறையும் என்ற குற்றச்சாட்டு இன்னொரு வகையைச் சேர்ந்தது. அதை நிறுவ, பள்ளிச் சேர்க்கைக்குப் பின் ஏதோ ஓர் இடத்தில் தேர்ச்சி அளவு தாழ்த்தப்பட்டதைக் காட்ட வேண்டும். தனியார் உரிமம், கருவிப் பறப்பு, வணிக உரிமம், போக்குவரத்து விமானி உரிமம், விமான வகைப் பயிற்சி, முதல் ஆண்டுத் தகுதிகாண் பருவம், அதன்பின் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை சிமுலேட்டர் சோதனை என்று ஒவ்வொன்றும் எல்லாருக்கும் ஒன்றே. ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது ஒரு எஞ்சின் அணைந்தால் என்ன செய்கிறார் என்று சிமுலேட்டரில் பார்க்கும் தேர்வாளருக்கு, விமானம் நேர்க்கோட்டில் நிற்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

எதிர்ப்பாளர்கள் இரண்டு நிகழ்வுகளைச் சான்றாகக் காட்டுவார்கள். இரண்டையும் தட்டிக் கழிக்கக்கூடாது. 2019 பிப்ரவரியில் டெக்சாஸில் அட்லஸ் ஏர் சரக்கு விமானம் விழுந்து மூவர் இறந்தனர். துணை விமானி முந்தைய நிறுவனங்களில் பலமுறை பயிற்சியில் தோற்று, அதை மறைத்து வேலையில் சேர்ந்தவர். அவர் கறுப்பினத்தவர் என்பதால் பேச்சு திசைமாறியது. அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியம் காட்டிய குறைகளில் ஒன்று, விமானிகளின் தோல்விப் பதிவுகளை நிறுவனங்கள் பார்க்க உதவும் தரவுத்தளத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ.) உரிய காலத்தில் அமைக்காதது. 2010-ல் நாடாளுமன்றம் ஆணையிட்ட தரவுத்தளம் அது. இறுதி விதி வந்ததோ 2021-ல். கோல்கனின் வெள்ளைக் கேப்டன் விஷயத்திலும் இதே ஓட்டைதான் இருந்தது.

இரண்டாவது நிகழ்வில் எதிர்ப்பாளர்கள் பக்கம் உண்மை இருக்கிறது. 2014-ல் எஃப்.ஏ.ஏ., பன்முகத்தன்மையைக் கூட்டும் நோக்கில், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்கு 'வாழ்க்கைக் குறிப்பு' வினாத்தாள் ஒன்றைப் புகுத்தியது. அதற்கென்றே கல்லூரியில் படித்துத் திறனறித் தேர்விலும் தேறியிருந்த ஏராளமானோர் அதில் வடிகட்டப்பட்டார்கள். பள்ளியில் எந்தப் பாடத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கினீர்கள் என்று ஒரு கேள்வி. அறிவியல் என்று சொன்னவருக்கு அதிகப் புள்ளி. சுமார் 28,000 பேரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே தாண்டினார்கள். வேலைக்குத் தொடர்பில்லாத சல்லடை அது. இளைஞர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. 2016-ல் நாடாளுமன்றம், அதற்கென்றே கல்லூரியில் படித்தவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் அதைப் பயன்படுத்தத் தடை விதித்தது; 2018-ல் எஃப்.ஏ.ஏ. அதை முழுவதும் கைவிட்டது. ஆனால் அது விமானிகளுக்கான தேர்வு அல்ல, வேறொரு பணிக்கானது என்பதைச் சொல்லாமல் அதைக் காட்டுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனின் போடோமாக் ஆற்றின் மேல் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். மறுநாளே, உடல்கள் எல்லாம் மீட்கப்படும் முன்பே, அதிபர் டிரம்ப் பன்முகத்தன்மைக் கொள்கையைக் குற்றம்சாட்டினார். மார்ச் மாதம் விசாரணை வாரியம் முதற்கட்ட உண்மைகளை வெளியிட்டது. அங்கே ஹெலிகாப்டர் பாதைக்கும் ஓடுபாதை 33-க்கு இறங்கும் விமானத்துக்கும் இடையே சில இடங்களில் 75 அடிதான் செங்குத்து இடைவெளி. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை விமானமும் ஹெலிகாப்டரும் நெருங்கி வந்த நிகழ்வுகள் 15,000-க்கு மேல் பதிவாகியிருந்தன. ஆண்டுக்கணக்கில் பதிவில் கிடந்த அந்த எண்ணைக் கொண்டு எஃப்.ஏ.ஏ. உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. இறந்தவர்களுக்கு நாம் பட்ட கடன், உண்மைக் காரணத்தைத் தேடுவது. கைக்கு எட்டிய காரணத்தைச் சூட்டுவது அல்ல.

இந்தியாவின் சான்று

உலக அளவில் விமானிகளில் பெண்கள் சுமார் 5 சதவீதம் என்றால், இந்தியாவில் சுமார் 15 சதவீதம் என்று ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம் கூறியிருக்கிறது. இங்கே பெண்களுக்கென உரிமத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கப்படவில்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு பள்ளி வயதிலேயே பறப்பை அறிமுகப்படுத்துவதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் இருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 1,500 மணி ஏணி இங்கே இல்லாததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இந்தியாவிலும் பணத் தடை தீரவில்லை. உரிமத்துக்கும் வகைப் பயிற்சிக்குமாகச் செலவு அரைக் கோடி ரூபாயைத் தாண்டும்போது, அந்த 15 சதவீதத்தில் கூலித் தொழிலாளியின் மகள் எத்தனை பேர் இருக்க முடியும்?

பன்முகத்தன்மை இலக்கு விமானத்தை ஆபத்தாக்குகிறது என்று சொல்பவர்கள் சிமுலேட்டர் சோதனை முடிவுகளைக் கேட்கட்டும். அவற்றைப் பெயர் நீக்கி வெளியிட நிறுவனங்களும் எஃப்.ஏ.ஏ.யும் முன்வரட்டும். இலக்கை ஆதரிப்பவர்கள் சதவீதத்தை விட்டுவிட்டு, குடும்ப வருமானத்தின் அடிப்படையில் முழுக் கட்டணத்தையும் ஏற்கும் உதவித்தொகையைக் கேட்கட்டும். அரசு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்து, 1,500 மணி விதியைச் சான்றின் அடிப்படையில் மறுபடி ஆராயட்டும். எமிலி வார்னர் தன் 7,000 மணிகளில் பெரும்பகுதியைச் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்த்தார். பயிற்சிக் கட்டணத்தை முதலில் கட்ட முடிந்ததால்தான் அந்தப் பயிற்றுநர் வேலை அவருக்குக் கிடைத்தது.